கலிபோர்னியாவில் யார் லாபியிஸ்டாகப் பதிவு செய்ய வேண்டும்?

கேள்வி: நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ போய் ஒரு மசோதா பற்றி சட்டமன்ற உறுப்பினரிடம் பேசினால், லாபியிஸ்டாக (அரசின் முடிவுகளைத் தங்கள் பக்கம் திருப்பக் காசு வாங்கிப் பேசுகிறவராக) பதிவு செய்ய வேண்டுமா?

ஒரு நாள் பேச்சுக்குத் தேவையில்லை. சொந்த அக்கறையில், சம்பளம் வாங்காமல் பேசுகிறவருக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. அது குடிமகனின் உரிமை.

1974-ல் வாக்காளர்களே நிறைவேற்றிய அரசியல் சீர்திருத்தச் சட்டம் கேட்பது, காசு வாங்கிக்கொண்டு அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நேரடியாகப் பேசுகிறீர்களா என்பதைத்தான். வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவர் இந்தப் பேச்சுக்காக ஒரு மாதத்தில் 2,000 டாலரோ அதற்கு மேலோ பெற்றால் லாபியிஸ்ட். உங்களைப் போன்ற ஊழியருக்குக் கணக்கு வேறு: ஒரு மாதத்தில் சம்பள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போக வேண்டும். 160 மணி நேரம் வேலை என்றால், சுமார் 53 மணி நேரம். எல்லையைத் தொட்டால் 10 நாளுக்குள் மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் தினமும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் சரியாக வராது.

அப்புறம், பதிந்தபின் ஓர் அதிகாரிக்கு மாதம் 10 டாலருக்கு மேல் பரிசு தரக் கூடாது. மதியச் சாப்பாடும் பரிசுதான்!