வீட்டில் மாட்டத்தானே, யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: மழை விட்ட கையோடு ஒருவர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். தரையில் தேங்கிய தண்ணீரில் விமானம் அப்படியே தெரிகிறது. 12-க்கு 18 இன்ச்சில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்ட ஆசை. லேபில் கொடுத்தால், "எடுத்தவர் சம்மதம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். நான் என்ன விற்கவா போகிறேன்?

பதில்: லேப்காரர் கேட்டதில் தப்பில்லை. ராஜராஜன் கட்டிய கோயிலுக்குப் பதிப்புரிமை கிடையாது. மழை விடும்வரை காத்திருந்து, அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்து படம் எடுத்தவருக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்ததுமே உரிமை வந்துவிடும். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு வாங்கும் பேடன்ட்.)

அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. உங்கள் பிரிண்டரில் ஒரே ஒரு பிரதி எடுத்து ஹாலில் மாட்டினால் இந்தப் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும் என்றே நினைக்கிறேன். லேப் காசு வாங்கிக்கொண்டு பிரதி எடுக்கிறது; அந்தச் சலுகை தனக்கும் பொருந்துமா என்று அவர் தயங்கத்தான் செய்வார். அதே படத்தை உங்கள் கடையில் மாட்டினால் சொந்த உபயோகம் என்று சொல்லவே முடியாது.

சட்டம் கிடக்கட்டும், எடுத்தவரை ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கே அதில் லாபம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமிலிருந்து எடுக்கும் படம் வழக்கமாக 1080 பிக்சல் அகலம்தான். அதை 12 இன்ச்சுக்கு இழுத்தால் ஓர் இன்ச்சுக்கு 90 புள்ளி கிடைக்கும். நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும், அதாவது 3600-க்கு 5400 பிக்சல். இல்லாவிட்டால் விமானத்துச் சிற்பமெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி தெரியும். பெரிய ஃபைல் எடுத்தவரிடம்தான் இருக்கும்.

"வணக்கம். உங்கள் பெரிய கோயில் படத்தை வீட்டில் மாட்ட 12-க்கு 18 அளவில் ஒரே ஒரு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாமா? விலை உண்டென்றால் சொல்லுங்கள்." இவ்வளவு எழுதினால் போதும். சரி என்று பதில் வந்தால் அதையே லேபில் காட்டுங்கள். அவர் விலை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்; பிரேமுக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம், படத்துக்கும் கொடுக்கலாம்.

பதிலே வராவிட்டால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் தேடுங்கள். பெரிய கோயில் படங்கள் நிறைய உண்டு, பிரிண்ட் போட அனுமதியோடு. எதுவானாலும் ஓரத்தில் உள்ள பெயரை மட்டும் அழிக்காதீர்கள். எடுத்தவர் யார் என்று காட்டும் தகவலைத் தெரிந்தே நீக்குவது 65பி பிரிவின்படி தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை.

கேள்வி: எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்க வேறு கடைக்குப் போனோம். எங்கள் போட்டோகிராபரோ, "உரிமை என்னுடையது, என்னிடம்தான் பிரிண்ட் போட வேண்டும்" என்கிறார். உண்மையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. புக்கிங் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உரிமை ஸ்டூடியோவுக்கு என்று பொடி எழுத்தில் அச்சடித்து, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அப்படி எதுவும் இல்லையென்றால் ஆல்பப் படத்தை ஸ்கேன் செய்து எங்கே வேண்டுமானாலும் பெரிதாக்கலாம்.

ஃபைல்களையும் கொடுத்தே ஆக வேண்டுமா என்பது நீங்கள் பேசி முடித்ததைப் பொறுத்தது. தருவதாகச் சொல்லிப் பணமும் வாங்கிவிட்டு இழுத்தடித்தால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ரசீதையும், அவர் தருவதாகச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரமாக வைத்திருங்கள்.