வீட்டிலேயே காருக்கு பெயிண்ட்: ஸ்ப்ரே கன் செட்டிங் கேள்வி பதில்

சொந்தக் காருக்குத் தாங்களே பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பட்டி வேலை, தேய்ப்பு எல்லாம் முடிந்து, கன்னைக் கையில் எடுக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கானது இது.

கேள்வி: என்னிடம் 2 ஹெச்பி, 50 லிட்டர் கம்ப்ரஸர் இருக்கிறது. ஹெச்விஎல்பி கன் வாங்கலாமா?

டேங்க் எத்தனை லிட்டர் என்பதை விட, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம். கம்ப்ரஸர் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு. கன்னுக்கு வந்து சேருவது அதை விடக் குறைவு. ஹெச்விஎல்பி என்றால் நிறையக் காற்றைக் குறைந்த பிரஷரில் விடும் ரகம். அப்படிப் பல கன்களுக்கு 10 முதல் 14 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வேண்டும். உங்கள் கம்ப்ரஸரால் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. பானெட்டில் பாதி போவதற்குள் பிரஷர் இறங்கி, பெயிண்ட் பொடியாகாமல் துளித்துளியாக விழும். குறைந்த காற்றிலேயே வேலை செய்யும் எல்விஎல்பி கன் வாங்குங்கள். அதற்குப் பாதிக் காற்று போதும். ஒரு நேரத்தில் ஒரு பேனல் அடியுங்கள், டேங்க் நிரம்பட்டும், பிறகு அடுத்தது. 6 மில்லிமீட்டர் ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ளதைப் போடுங்கள். அதுவே நல்ல வித்தியாசம் காட்டும்.

கேள்வி: ரெகுலேட்டரை 28 பிஎஸ்ஐ பிரஷரில் வைத்துத்தான் அடிக்கிறேன். ஆனாலும் பெயிண்ட் பொடியாகவே மாட்டேன் என்கிறது, அண்ணா.

எந்த ரெகுலேட்டர் தம்பி, கம்ப்ரஸர் பக்கத்தில் இருப்பதா? அங்கே 28 என்றால், ஹோஸையும் கப்ளிங்குகளையும் தாண்டி கன்னுக்கு வரும்போது 20 கூடத் தேறாது. கன்னின் அடியில் ஒரு கேஜ் மாட்டு. டிரிக்கரை இழுத்துக் காற்று ஓடும்போது அதில் என்ன காட்டுகிறதோ, அதுதான் கணக்கு. விரலை எடுத்தால் முள் ஏறி நிற்கும், அதை நம்பாதே. கன் தயாரித்தவர் சொன்ன பிரஷரை இப்படி வைத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: கன்னில் மூன்று திருகு இருக்கிறது. எதை முதலில் திருப்புவது?

ஒன்று ஃபேன் (விசிறி போல விரிந்து வரும் பெயிண்ட்) அகலத்துக்கு, ஒன்று பெயிண்ட் அளவுக்கு, ஒன்று காற்றுக்கு. முதலில் ஃபேனை முழுக்கத் திறந்துவிடுங்கள். அடுத்து, டிரிக்கரைப் பாதி இழுத்துக் காற்று மட்டும் வரும்படி பிடித்துக்கொண்டு பிரஷரை வையுங்கள். ஃபேனை மூடினால் கேஜ் மாறும், அதனால்தான் இந்த வரிசை. கடைசியாகப் பின்பக்கத்துப் பெயிண்ட் திருகை முழுக்க மூடி, இரண்டரை சுற்று திறங்கள்.

இனி காருக்குப் போகாதீர்கள். சுவரில் மாஸ்கிங் பேப்பர் ஒட்டி, ஒரு சாண் தூரத்தில் கன்னை நேராகப் பிடித்து, டிரிக்கரை முழுக்க இழுத்து உடனே விடுங்கள். காகிதத்தில் நீள்வட்டமாக ஒரு தடம் விழும். நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே கனமாக, துளிகள் பொடியாக இருந்தால் நல்லது. நடுவில் மட்டும் கொழகொழவென்று நின்றால் காற்று போதவில்லை, அல்லது பெயிண்ட் கெட்டி. நடு ஒல்லியாகி எட்டு மாதிரி பிரிந்தால் காற்று அதிகம், அல்லது பெயிண்ட் குறைவு.

பிறகு கன்னின் முனையில் இருக்கும் மூடியான ஏர் கேப்பை 90 டிகிரி திருப்பி, தடம் படுக்கையாக விழும்படி செய்து, பெயிண்ட் வழியும் வரை டிரிக்கரை விடாமல் பிடியுங்கள். எல்லா வழிசலும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு இறங்க வேண்டும். ஓரங்கள் நீளமாக இறங்கினாலோ, நடு மட்டும் முந்தினாலோ, பெயிண்ட் திருகைக் கால் சுற்று மாற்றி மறுபடி பாருங்கள். காகிதத்தில் சரியாகாதது காரில் சரியாகாது.

கேள்வி: தடம் பிறை மாதிரி ஒரு பக்கம் வளைகிறது.

ஏர் கேப்பை 180 டிகிரி திருப்பிப் போட்டு மறுபடி அடியுங்கள். வளைவும் பக்கம் மாறினால், கேப்பின் கொம்பில் (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) ஒரு ஓட்டை அடைத்திருக்கிறது. மாறாவிட்டால் கோளாறு பெயிண்ட் வெளிவரும் நாசிலில். மரக்குச்சியாலோ மெல்லிய பிரஷாலோ சுத்தம் செய்யுங்கள். கம்பியை உள்ளே விட்டால் ஓட்டை பெரிதாகி, அந்த கேப் வீணாகும்.

கேள்வி: ஒரே நாசிலில் எல்லாம் அடிக்கலாமா?

நிறம் தரும் பேஸ் கோட், அதன் மேல் பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் இரண்டுக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் போதும். அடிப்பூச்சான பிரைமர் கெட்டி, அதற்கு 1.7 அளவில் வேண்டும். நாசில், அதை உள்ளிருந்து அடைக்கும் ஊசியான நீடில், ஏர் கேப் மூன்றையும் செட்டாகவே மாற்றுங்கள்.

கேள்வி: கிளியர் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி வருகிறது. தின்னர் கூட ஊற்றட்டுமா?

கண்டபடி ஊற்றாதீர்கள். கலவை விகிதம் டப்பாவுடன் வரும் தாளில் இருக்கிறது, அளவுக் கோப்பையில் கலக்குங்கள். கன் தூரமாக இருந்தாலும், கை வேகமாகப் போனாலும், பிரஷர் குறைந்தாலும் இப்படித்தான் வரும். வெயில் நேரத்தில் வேகமாக உலரும் தின்னர் போட்டால், துளிகள் பரவிச் சமமாவதற்குள் இறுகிவிடும். அப்போது மெதுவாக உலரும் தின்னருக்கு மாறுங்கள். நேர்மாறாக வழிந்து ஓடினால், கன் பக்கத்தில் போயிருக்கும், அல்லது முதல் கோட் சற்றே உலர்வதற்குள் அடுத்ததை அடித்திருப்பீர்கள்.

கேள்வி: மெட்டாலிக் சில்வரில் வரி வரியாகத் தெரிகிறது, சார்.

சாதாரண நிறத்துக்குப் பாதி ஓவர்லேப் (முன் அடித்த தடத்தின் மேல் அடுத்தது ஏறும் அளவு) போதும், மெட்டாலிக்குக்கு முக்கால் வேண்டும். மணிக்கட்டை வளைத்து வீசாமல், தோளிலிருந்து கையை நகர்த்துங்கள். கடைசியாக, கன்னைச் சற்றே தள்ளிப் பிடித்து ஒரு லேசான கோட் கொடுத்தால் பெயிண்டில் இருக்கும் உலோகத் துகள்கள் ஒரே சீராகப் படியும்.

கேள்வி: வாட்டர் செபரேட்டர் போட்டும் தண்ணீர் வருகிறது.

கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டியிருப்பீர்கள். அங்கே காற்று சூடு, ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். 6, 7 மீட்டர் குழாய் ஓடிக் காற்று ஆறிய பிறகு மாட்டுங்கள். வேலை தொடங்கும் முன் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள்.

கேள்வி: தூசி மாஸ்க் போட்டுக்கொண்டு 2கே கிளியர் அடிக்கலாமா?

கூடாது. 2கே என்பது இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் ரகம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவை வரவழைக்கும். உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். வாசனை வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் எண்ண முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி, கண்ணுக்கு மறைப்பு, கையுறை, உடம்பு மூடிய உடை எல்லாம் வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் பிரைமர், பேஸ் கோட்டில் 2கே இல்லாத ரகத்தை நீங்கள் அடியுங்கள், கிளியரைப் பெயிண்ட் பூத் உள்ளவரிடம் கொடுங்கள். இதில் நான் யாருக்கும் விலக்கு சொல்ல மாட்டேன். பேஸ் கோட்டுக்கும் ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு பரவும். அதனால் அடுப்பு, கீஸர், பொறி பறக்கும் ஸ்விட்ச் எதுவும் அருகில் வேண்டாம்.

கேள்வி: வேலை முடிந்ததும் கன்னை அப்படியே தின்னரில் ஊறப் போடலாமா?

வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். கப்பில் தின்னர் ஊற்றி அடித்து வெளியேற்றுங்கள். பிறகு முதலில் நீடிலை உருவி, அதன் பின் நாசிலைக் கழற்றிக் கழுவுங்கள். மாட்டும்போது நாசில் முதலில், நீடில் கடைசியில். 2கே கலந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று விடாதீர்கள், உள்ளேயே கல்லாகிவிடும்.