இன்குலாப்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செல்லூரில் கைத்தறி நெய்த என் அப்பா, கூலி உயர்வு கேட்டு நடந்த ஊர்வலங்களில் ‘இங்குலாப் சிந்தாபாத்’ என்று முன்குரல் கொடுப்பார். அது பகத்சிங் உண்டாக்கிய இந்தி முழக்கம், ‘புரட்சி ஓங்குக’ என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?

க., செல்லூர்

அன்புள்ள க.,

முழக்கத்தை 1921இல் உருவாக்கியவர் உருதுக் கவிஞர் மௌலானா ஹஸ்ரத் மோகானி. அவ்வாண்டு டிசம்பரில் அகமதாபாத் காங்கிரசில் முழு விடுதலை கோரித் தீர்மானம் கொண்டுவந்து, காந்தியின் எதிர்ப்பால் தோற்றவர். 1925இல் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவர் வரவேற்புக் குழுத் தலைவர். மாநாட்டுத் தலைவரோ நம் சிங்காரவேலர்.

அதை நாடெங்கும் கொண்டு சென்றவர் பகத்சிங் என்பது உண்மை. வேலைநிறுத்தங்களுக்குக் கடிவாளமிடும் தொழில் தகராறு மசோதாவையும் பொதுப் பாதுகாப்பு மசோதாவையும் எதிர்த்து, 1929 ஏப்ரல் 8 அன்று தில்லி மத்திய சட்டசபையில் அவரும் பட்டுகேஸ்வர் தத்தும் குண்டு வீசியபோது எழுப்பிய முழக்கம் அது. ‘மாடர்ன் ரிவியூ’ ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி அதைக் குறைகூறி எழுத, இருவரும் டிசம்பரில் சிறையிலிருந்தே பதில் எழுதினர். ‘யதீந்திரநாத் தாஸ் வாழ்க’ என்று முழங்கும்போது, லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாவிரதமிருந்து மாண்டவரின் உடல் நீடிக்க வேண்டுமென்றா கேட்கிறோம், அவரைத் தாங்கிய கொள்கை நிலைக்கட்டும் என்றுதானே சொல்கிறோம், அதுபோலவே ‘புரட்சி வாழ்க’ என்பதும் ஓயாத ரத்தக்களரியை வேண்டுவதன்று என்பது அவர்கள் வாதம். அதைவிடத் தெளிவான விளக்கம் இம்முழக்கத்துக்கு இன்னும் வரவில்லை என்பேன்.

இனி மொழி. ‘இன்குலாப்’ அரபுச் சொல், ‘ஜிந்தாபாத்’ பாரசீகம். இரண்டையும் இணைத்தது உருது. புரட்டிப்போடுதலே ‘இன்குலாப்’ என்பதன் வேர்ப்பொருள். நம் ‘புரட்சி’யும் ‘புரட்டு’, ‘புரள்’ என்பவற்றின் இனந்தான். ஆகவே உங்கள் மகன் கேட்கும் தமிழ் பொருளில் சற்றும் குறைந்ததன்று. ஓசைதான் வேறு. திலகர் திடலில் சிறுவனாக நான் கேட்டபோது, முன்குரல் ‘இங்குலா’ என்று நீட்டி ‘ப்’ என்று நிறுத்தும்; அந்த இடைவெளியில்தான் கூட்டம் முழுவதும் ‘சிந்தாபாத்’ என்று வந்து விழும். ‘ஓங்குக’வுக்கு அந்த அடி வாய்ப்பதில்லை. (நாளிதழ்ப் படக்கதையின் சிந்துபாத்தைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.) ஜகரத்தைச் சகரமாக்கியது உங்கள் அப்பாவின் பிழையுமன்று, தமிழ் வாய் வடமொழிச் சொற்களுக்கும் செய்துவந்த காரியமே அது.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: கீழக்கரையில் பிறந்து, மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்த சாகுல் அமீது, தமிழில் கவிதை எழுதத் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் இன்குலாப்.