ஊசிமுனை மேலே பார்க்கும்

அன்புள்ள ஐயா,

அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதி மணப்பெண் ஒருத்தியின் பழைய படத்தை இணையத்தில் பார்த்தேன். நெற்றியில் பெரிய வட்டப் பதக்கம், மார்பெல்லாம் வெள்ளி. குந்துமணித் தங்கம் கிடையாது. கீழே ‘கண் திருஷ்டிக்காக அணிவது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். வெள்ளி அணிவது வறுமையாலா? இத்தனையும் திருஷ்டிக்குத்தானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

வறுமை இல்லை. வட ஆப்பிரிக்காவில் தங்கம் ஃபெஸ், துனிஸ் மாதிரி நகரங்களின் நகை. மலையிலும் பாலைவன ஓரத்திலும் வாழும் அமாசிக் மக்களுக்கு, அதாவது பெர்பர்களுக்கு, வெள்ளிதான் உகந்தது. தங்கம் ஆகாது என்ற நம்பிக்கையே பல இடங்களில் உண்டு. அந்த வெள்ளி பெண்ணின் சொந்தச் சொத்து. முடை வந்தால் விற்பாள்.

‘திருஷ்டிக்காக’ என்பது பொய்யில்லை, ஆனால் சோம்பேறித்தனமான பதில். அந்த நகைகளில் முக்கியமானது முதலில் ஓர் ஊக்கு. அங்கே பெண்கள் உடுத்தியது தைக்காத நீளத் துணி. அதை இரண்டு தோள்களிலும் குத்தி நிறுத்தியாக வேண்டும். வெள்ளிவேலைக்குப் பேர்போன மொராக்கோவின் திஸ்னித் ஊரிலிருந்து நண்பர் ஒருவர் ஒரு ஜோடி வாங்கி வந்தார். முக்கோணத் தகடு, அதில் நீண்ட ஊசி, வாய் திறந்த ஒரு வளையம், ஊக்குகள் இரண்டையும் இணைக்கும் சங்கிலி. பழைய போர்வை ஒன்றில் குத்திப் பார்த்தேன். துணியைக் கொசுவி ஊசியை ஏற்றி, வளையத்தைத் திருப்பினால் சிக்கென்று பூட்டிக்கொள்கிறது. அணியும்போது தகடு கீழே தொங்கும், ஊசிமுனை மேலே பார்க்கும். கொள்ளிக்கண்ணோடு வருகிறவருக்கு எதிரே இரண்டு ஊசிகள்! முக்கோணத்துக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்: கண், பெண், கூடாரம். எனக்கு அந்த முனையே போதும்.

அப்புறம் எண். கம்சா என்றால் அரபியில் ஐந்து. விரித்த கை வடிவப் பதக்கத்துக்கும் அதே பெயர். ‘கம்சா ஃபீ ஐனக்’, உன் கண்ணில் ஐந்து, என்பது கண்ணேறை விரட்டும் சொல். கை வடிவம்தான் வேண்டும் என்றில்லை. ஐந்து குமிழோ ஐந்து புள்ளியோ இருந்தாலும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத காவலும் உண்டு. அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் ‘ஸ்காப்’ என்றொரு மாலை. கிராம்பு, குங்குமப்பூ, கஸ்தூரி எல்லாம் அரைத்துப் பிசைந்து, உருட்டிக் காயவைத்த கருமணிகளைக் கோத்தது. உடம்புச் சூட்டில் மணக்கும். அல்ஜீரியாவின் திலம்சான் நகரில் இன்னும் ஒரு படி மேலே: பொன்வேலை செய்த வெல்வெட் காஃப்தான் என்ற நீள அங்கிக்கு மேல் சரம் சரமாக ஒழுங்கற்ற வடிவ முத்துகள். மணப்பெண்ணின் உயிருறுப்புகளையும் கருவுறுப்புகளையும் தீய ஆவிகளிடமிருந்து காப்பது அவற்றின் வேலை. இந்தத் திருமண உடை மரபு 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

கபீலியாவுக்கு வருகிறேன். அங்கே வெள்ளிக்குப் பெயர்பெற்றது பெனி யென்னி கிராமங்கள். தகட்டின்மேல் வெள்ளிக் கம்பியால் குட்டிக் குட்டிப் பாத்தி கட்டி, அதில் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுடுவார்கள். நீலம், பச்சை, மஞ்சள். நடுவில் சிவப்புப் பவளம். பவளம் கட்டுப்படியாகாதபோது செல்லுலாய்டு வைத்ததும் உண்டு. சரி, பிளாஸ்டிக் திருஷ்டி கழிக்குமா என்று கேட்காதீர்கள்.

நீங்கள் சொன்ன வட்டப் பதக்கத்தின் பெயர் தப்ஸிம்த். பழைய வழக்கப்படி, மகனைப் பெற்றவள்தான் அதை நெற்றியில் சூடுவாள். மற்றபடி மார்பில்தான் குத்திக்கொள்வது. காலனிக் காலத்து பிரெஞ்சு அஞ்சலட்டைக்காரர்கள் ஸ்டுடியோவில் யாருக்கும் எதையும் மாட்டிவிட்டுப் படமெடுத்தவர்கள். அந்த ரகப் படமாக இல்லாவிட்டால், நீங்கள் பார்த்தது மணப்பெண்ணை அல்ல, ஒரு பையனின் அம்மாவை.