சைக்கோலஜி எடுக்கட்டும் அண்ணா, மற்ற இரண்டும் என்ன?

வணக்கம் அண்ணா. உங்கள் குரல்பதிவை இரண்டு தரம் கேட்டேன். மகள் ஏ லெவலுக்கு, அதாவது யூனிவர்சிட்டிக்கு முந்திய இரண்டு வருடப் படிப்புக்கு, சைக்கோலஜி (உளவியல்) எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், ஊரில் இருந்து பெரியம்மா ‘விசருக்கு வைத்தியம் பார்க்கவா பிள்ளை படிக்குது’ என்று கேட்டாராம். பெரியம்மாவை விடுங்கள். உங்களுடைய பயம் வேறு: இது லேசான பாடம், நல்ல யூனிவர்சிட்டிகள் மதிக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கதை பழையது. இங்கிலாந்தில் சில வருடங்களாகவே கணிதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் எழுதும் ஏ லெவல் பாடம் இதுதான். ஆனால் நீங்கள் ஊரில், இலங்கையில் ஏ லெவல் எடுத்தவர். பயோ, மெத்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்று ஒரு பிரிவுக்குள் போய்விட்டால் மிச்சப் பாதை தானாகவே தெரியும் என்ற பழக்கம் உங்களுக்கு. இங்கே பிரிவே கிடையாது, நேரசூசி இடம் கொடுத்தால் பிள்ளை எந்த மூன்றையும் சேர்க்கலாம், அந்தச் சுதந்திரத்தில்தான் பலர் தெரியாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதனால் எந்தப் பெற்றோர் வந்தாலும் நான் முதலில் கேட்பது, மற்ற இரண்டும் என்ன?

மகள் ‘மனநல டொக்டர்’ ஆக வேண்டும் என்கிறாள் என்றீர்கள். அவள் எதைச் சொல்கிறாள் என்று முதலில் கேளுங்கள். மருந்து எழுதிக் கொடுக்கும் சைக்கியாட்ரிஸ்ட் என்றால் அவள் முதலில் மெடிசின் படித்தாக வேண்டும், அதற்குப் பெரும்பாலான இடங்களில் கெமிஸ்ட்ரி கட்டாயம், கூடவே பயோலஜி இருந்தால் நல்லது. மூன்றாவதாக சைக்கோலஜி இருப்பதில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மருந்தில்லாமல் பேசிச் சிகிச்சை கொடுக்கும் கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் என்றால் மெடிசின் தேவையில்லை, பாதை முழுக்க வேறு. இன்னொரு வேடிக்கை, சைக்கோலஜி டிகிரிக்குப் போக ஏ லெவலில் சைக்கோலஜியையே பெரும்பாலான யூனிவர்சிட்டிகள் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஒரு விஞ்ஞானப் பாடத்தைக் கேட்கும் இடங்கள்தான் உண்டு. பயோலஜியோ கணிதமோ ஒன்று கையில் இருந்தால் அந்தக் கவலையும் போய்விடும்.

சரி, பாடத்துக்குள் என்ன இருக்கிறது? பல பள்ளிக்கூடங்கள் எடுக்கும், ஏகியூஏ என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தையே சொல்கிறேன். மூன்று வினாத்தாள், ஒவ்வொன்றும் 2 மணித்தியாலம், 96 புள்ளி. வருடத்துக்குள் செய்து கொடுத்துப் புள்ளி வாங்கும் கோர்ஸ்வேர்க் எதுவும் இல்லை, எல்லாம் இரண்டாம் வருடக் கடைசியில் ஒரே மூச்சில். மனசை வாசிக்கக் கற்றுத் தருவார்கள் என்று நினைத்துப் போகும் பிள்ளைகள் ஒக்டோபரிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

உதாரணத்துக்கு ஞாபகசக்தி பற்றிய பகுதி. 1974இல் லொஃப்டஸ், பாமர் என்ற இருவர் மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் சிறு திரைப்படத் துண்டுகளைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு சொல்லைத்தான் மாற்றினார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள், ‘அடித்து நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 40.8 என்றார்கள். இதைக் கேட்க எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் பரீட்சையில் கட்டுரைக் கேள்வி வந்தால், பாதிப் புள்ளிக்கு மேல் இந்த ஆய்வை எடைபோடுவதில்தான் இருக்கிறது: வெறும் 45 மாணவர்களை வைத்துச் செய்ததை எல்லாருக்கும் பொருத்தலாமா, படத்தில் பார்த்த விபத்தும் கண்முன்னே நடந்த விபத்தும் ஒன்றா, பொலிஸ் விசாரணைக்கு இது எப்படி உதவும். இதை 16 புள்ளிக் கட்டுரையாக, நேரத்துக்குள், நல்ல ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அப்புறம் ஆய்வுமுறைப் பகுதி. மொத்தப் புள்ளியில் குறைந்தது பத்து வீதம் கணிதத் திறனுக்கு, எந்தத் தரவுக்கு எந்தப் புள்ளிவிவரச் சோதனை என்று காரணத்தோடு சொல்லவும் தெரிய வேண்டும். எழுதவும் பிடிக்காது, கணக்கும் பிடிக்காது என்ற பிள்ளைக்கு இது சரிவராது, அதை நான் மறைக்க மாட்டேன்.

(பிள்ளைக்கும் தாய்க்குமான பிணைப்பு பற்றிய பாடம் வரும் மாதத்தில், சின்ன வயதில் அவளை ஏன் நேர்சரியில் விட்டீர்கள் என்று உங்களுக்கும் அண்ணிக்கும் வீட்டில் விசாரணை நடக்கும். தயாராக இருங்கள்.)

வேலையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். டிகிரி முடித்த கையோடு யாரும் சைக்கோலஜிஸ்ட் ஆவதில்லை. டிகிரிக்கு பிரிட்டிஷ் சைக்கோலஜிக்கல் சொசைட்டியின் அங்கீகாரம் இருக்க வேண்டும், இரண்டு பாடம் சேர்ந்த டிகிரி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். அதற்குப் பிறகு, கிளினிக்கல் பாதை என்றால், உதவியாளர் வேலைகளில் அனுபவம், பிறகு 3 வருட டொக்டரேட். அந்தப் படிப்புக்கு இங்கிலாந்தில் அரசாங்க சுகாதார சேவையான என்எச்எஸ் சம்பளம் கொடுத்தே படிப்பிக்கிறது, அதனால் போட்டி கடுமை, இரண்டு மூன்று தரம் விண்ணப்பிப்பது சாதாரணம். அந்தப் பாதையில் போகாதவர்கள் ஆசிரியர் வேலை, மனிதவளம், மார்க்கெட் ஆய்வு, பேசிக் குணப்படுத்தும் மனநலச் சேவைகள் என்று போகிறார்கள். பட்டினி கிடப்பதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரச் சொல்லும் ஓப்பன் ஈவினிங்குக்குப் போனால் எந்தப் பாடத்திட்டம், மூன்றாவது வினாத்தாளுக்கு எந்தத் தெரிவுகளைப் படிப்பிக்கிறார்கள், தொடங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் வரை நின்றார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவள் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் போதும். கெமிஸ்ட்ரியை விடுவதா என்பதை மட்டும் ஓகஸ்ட்டில் ஜிசிஎஸ்ஈ (ஏ லெவலுக்கு முந்திய பரீட்சை) பெறுபேறு வரும்வரை முடிவு செய்யாதீர்கள். கெமிஸ்ட்ரியில், 9 வரை போகும் தரத்தில், 7 அல்லது அதற்கு மேல் வந்தால் எனக்கு ஒரு கோல் எடுங்கள்.