கானாவின் கோகோ உழவரும் விலையும்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. கானாவின் கோகோத் தோட்டங்களை அமைத்தவர்கள் ஆங்கிலேயர்களா?

பதில்: வணக்கம். இல்லை. கானாவின் பொருளாதாரத்தைப் படிக்கப் புகுவோர் முதலில் அறிய வேண்டியதே இதுதான். இன்று பியோகோ எனப்படும் பெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டு 1870களில் ஊர் திரும்பிய டெட்டே குவாஷி என்ற கொல்லர், தாம் கொண்டுவந்த விதைகளை மம்போங்கில் ஊன்றினார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷனரிகளும் அதற்கு முன்பே முயன்றிருந்தார்கள். ஆனால் கோகோவைப் பணப்பயிராகப் பரப்பியவர்கள் அக்வாப்பிம் பகுதி உழவர்கள். அவர்கள் கூட்டாகப் பணம் போட்டு மேற்கே காட்டு நிலம் வாங்கினார்கள். வாழை நிழலில் கன்றுகளை வளர்த்தார்கள். விளைச்சல் கொடுத்த பணத்தில் இன்னும் மேற்கே சென்று நிலம் வாங்கினார்கள். 1911 வாக்கில், அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட அந்நாடு உலகிலேயே மிகுதியாகக் கோகோ விளைவித்தது.

கேள்வி: அப்படியானால் விலையை அரசு நிர்ணயிக்கும் வழக்கம் எப்படி வந்தது?

பதில்: 1937இல் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையைக் குறைத்தபோது, உழவர்கள் விளைச்சலை விற்க மறுத்துப் பல மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு கொள்முதலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1947இல், உழவரிடம் தானே விலை குறித்துக் கொள்முதல் செய்யும் கோகோ விற்பனை வாரியம் அமைந்தது. நல்ல ஆண்டுகளில் உபரியைச் சேர்த்து வைத்து, விலை சரியும் ஆண்டுகளில் உழவரைக் காப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடந்ததோ வேறு. காலனி ஆட்சியில் அந்த உபரி லண்டனில் முடங்கியது. 1957 மார்ச் 6இல் விடுதலை பெற்றபின் நாட்டின் முதல் தலைவரான குவாமே என்க்ருமாவின் அரசு அதைப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தொழில்களுக்கும் செலவிட்டது. அவருடைய கனவை நான் மதிக்கிறேன். ஆயினும் அதற்கான பணம் பெரும்பாலும் கோகோ உழவர் என்ற ஒரே தரப்பின் உழைப்பிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதை மறைக்க முடியாது. 1965இல் உலகச் சந்தையில் கோகோ விலை சரிந்தது. 1966 பிப்ரவரி 24இல் இராணுவம் அவரது ஆட்சியைக் கவிழ்த்தது.

கேள்வி: என்க்ருமா வோல்டா ஆற்றில் கட்டிய அக்கோசோம்போ அணையால் நாட்டுக்குப் பயன் கிடைத்ததா?

பதில்: மின்சாரம் கிடைத்தது. ஆனால் அணை தேக்கிய வோல்டா ஏரி சுமார் 8,500 சதுர கிலோமீட்டர் பரப்பை மூழ்கடித்தது. ஏறத்தாழ 80,000 பேர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மின்சாரத்தின் பெரும்பங்கு குறைந்த விலைக்கு அலுமினிய ஆலைக்குச் சென்றது. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் உள்நாட்டில் இருந்தும், அதிலிருந்து பிரித்தெடுக்கும் அலுமினாவை இறக்குமதி செய்தே அந்த ஆலை இயங்கியது.

கேள்வி: 1983ஐக் கொடிய ஆண்டு என்கிறார்களே, ஏன்?

பதில்: வறட்சி, காட்டுத்தீ, பஞ்சம் மூன்றும் சேர்ந்து வந்த ஆண்டு அது. அதே ஆண்டில் நைஜீரியா, சுமார் பத்து லட்சம் கானா மக்களை வெளியேற்றியது. அவர்கள் உடைமைகளைத் திணித்துக்கொண்டு வந்த கட்டம்போட்ட பைக்கு இன்றும் ‘கானா மஸ்ட் கோ’ (கானாக்காரர் வெளியேற வேண்டும்) என்றுதான் பெயர். ஆனால் கோகோ விளைச்சலின் சரிவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வாரியம் கொடுத்த விலை கட்டுப்படியாகாததால் பலர் மரங்களைப் பராமரிப்பதையே கைவிட்டனர். எல்லையோரத்தில் கோகோ அண்டை நாடான ஐவரி கோஸ்டுக்குக் கடத்தப்பட்டது. 1960களின் நடுவில் ஐந்தரை லட்சம் டன்னைத் தொட்ட விளைச்சல், ஒன்றரை லட்சம் டன் அளவுக்குச் சுருங்கியது. அப்போது ஆட்சியில் இருந்த ஜெர்ரி ராலிங்ஸின் இராணுவ அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் துணையோடு கொள்முதல் விலையை உயர்த்திய பின்னரே அது மெல்ல மீண்டது.

கேள்வி: கானா நாணயத்துக்குச் சீடி என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல் அது. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி அக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கா வரை பணமாகப் புழங்கியது.

கேள்வி: 2024இல் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டியதே, உழவர்கள் செழித்திருப்பார்களே?

பதில்: அப்படி நடக்கவில்லை என்பதுதான் வருத்தம். உழவர் காயை வெட்டி, வழவழப்பான விதைகளை வாழை இலையில் மூடி ஆறு நாள் புளிக்க வைத்து, மூங்கில் தட்டிகளில் ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டுகிறார். 16 மூட்டை ஒரு டன். கோகோ வாரியமோ விளைச்சலின் பெரும்பகுதியைப் பழைய, குறைந்த விலைக்கு முன்கூட்டியே விற்றிருந்தது. எனவே டன்னுக்கு 20,943 சீடியாக இருந்த கொள்முதல் விலை 2024 ஏப்ரலில் 33,120 ஆகவும், செப்டம்பரில் 48,000 ஆகவும் உயர்ந்தபோதிலும், உலகச் சந்தையின் ஏற்றத்தை அது எட்டவில்லை. கோகோ மரங்களைத் தாக்கும் வீக்கத்தண்டு நச்சுயிரியால் விளைச்சலும் குறைந்திருந்தது. இதற்கிடையே ‘கலாம்சே’ எனப்படும் உரிமமற்ற தங்கச் சுரங்கத் தொழிலில் ஈடுபடுவோர் ரொக்கத்தோடு தோப்புக்கே வருகிறார்கள். பல ஆண்டுகள் காய்க்கக்கூடிய தோப்பை உழவர் விற்றுவிட, அங்கே குழியும் கலங்கிய நீரும் மட்டும் மிஞ்சுகின்றன; கானாவின் பிரா ஆறு பழுப்பு நிறத்தில் ஓடுகிறது.