கொழுக்குமலை ஜீப்பில் அம்மாவை ஏற்றலாமா?

கேள்வி இது: "குடும்பத்தோடு மூணாறு போகிறோம். கொழுக்குமலை ஜீப் சஃபாரிக்கு அறுபது வயது தாண்டிய அம்மாவையும் கூட்டிப் போகலாமா? கொடுக்கிற காசுக்கு அது தகுமா?"

கூட்டிப் போகலாம். முதுகெலும்பு, இடுப்பு, இதயம் என்று ஏற்கெனவே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் மட்டும் வேண்டாம். கர்ப்பிணிகளும் வேண்டாம். மற்றபடி வயதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இவ்வளவு அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் போடிக்காரன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கொழுக்குமலையை மூணாறு என்று யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த மலை தேனி மாவட்டம், போடி தாலுகா. வண்டிப்பாதை மட்டும் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. அதனால் எங்கள் தாலுகா மலைக்கு நாங்களே முந்தல், போடிமெட்டு, பூப்பாறை என்று கேரளாவுக்குள் ஏறிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ரோடு இல்லாத காலத்தில் அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து அரிசியும் பருப்பும் தலைச்சுமையாக ஏறிய மலை. கேரள நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லைப் பிரச்சினை எதுவும் பேசவில்லை. தேயிலை எங்கள் பக்கம், ஜீப் உங்கள் பக்கம், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

2024 பொங்கல் லீவில் போனோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், மச்சினன், அவன் வீட்டுக்காரி, அம்மா. ஆறு பேர். ஒரு ஜீப்புக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு 2,500 ரூபாய்.

அம்மாவுக்கு அப்போது 63. முதலில் வர மாட்டேன் என்றார். "ஜீப்புல போறதுக்குக் காசு வேற குடுக்கணுமாக்கும்?" என்று கேட்டார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அம்மா இருபத்திரண்டு வருடம் ஏலக்காட்டு வேலைக்குப் போனவர். போடிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். விடியக் கருக்கலில் தெருமுனைக்கு ஜீப் வரும். பெண்கள் தூக்குச்சட்டியும் படுதாவுமாக ஏறுவார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, கேரளாவுக்குள் சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஆளுக்கொரு தோட்டத்தில் இறங்குவார்கள். களையெடுப்பு, காய் எடுப்பு எல்லாம் செய்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். தினமும் இதேதான். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பதினைந்து பேர் ஏறினால் அன்றைக்கு வண்டி காலியாக வந்ததாக அர்த்தம்.

நான் பள்ளிக்கூடத்தில் "அம்மா எஸ்டேட்டில் இருக்காங்க" என்று சொல்வேன். கூலி என்று சொன்னதில்லை. இதை இங்கே எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, சூரியநெல்லிக்கு வருகிறேன். காலை நாலரை மணி. குளிர் பல்லைக் கிட்டிக்க வைத்தது. டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், தமிழ்க்காரர்தான். அம்மாவைப் பார்த்ததும், "அக்கா, நீங்க முன்னாடி உக்காருங்க. பின்னாடி குலுக்கும்" என்றார். நியாயமான பேச்சு, உங்கள் அம்மாவுக்கும் அதுதான் சரியான இடம். எங்கள் அம்மா காதில் வாங்கவே இல்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, வலது காலைப் பின்படியில் வைத்து, ஒரே எம்பில் உள்ளே போய்விட்டார். டிரைவர் அண்ணன் ஒரு நிமிடம் அப்படியே பார்த்தார்.

"அக்கா எந்தக் காடு?" என்று கேட்டார்.

"சாந்தன்பாறைக்கு அங்கிட்டு."

அவ்வளவுதான், வேறு விசாரணை இல்லை. அவரும் முன்னால் ஆள் ஜீப் ஓட்டியவராம். கட்டுப்படியாகாமல் டூரிஸ்ட் வண்டிக்கு வந்துவிட்டாராம். அப்புறம் மலை ஏறி இறங்கும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் சாமான்கள்.

பாதையைப் பற்றியும் கேட்பீர்கள் அல்லவா? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. நல்ல ரோடு முடிகிற இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டிக் கம்பியை இழுத்து ஃபோர் வீல் போட்டார். அதற்கு மேல் ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தேங்காய் அளவிலிருந்து அண்டா அளவு வரைக்கும் கல். முன் சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது பின் சக்கரம் பள்ளத்தில் கிடக்கும். நான்கு சக்கரமும் இழுக்க, சின்ன கியரில் வண்டி நடந்து போகிற வேகத்தில் ஏறுகிறது. இறங்கும்போதும் அதே சின்ன கியர்தான், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும் என்று அவர் விளக்கினார். சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகலாமா என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டாம். விட மாட்டார்கள், விட்டாலும் போகாது.

அம்மா பின்னால் மகளுக்கும் என் மனைவிக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "கம்பிய இறுக்கிப் பிடிக்காத, சும்மா தொட்டுக்கிட்டு இரு. இடுப்பத் தளர்த்து. வண்டி சாயற பக்கமே நீயும் சாயி. வாய மூடிக்கிட்டு வா, பேசுனா நாக்குதான் துண்டாகும்." துண்டை நாலாக மடித்து அடியில் போட்டு உட்கார்ந்திருந்தார், எதிர் பெஞ்சின் காலில் பாதத்தை முட்டுக் கொடுத்திருந்தார். மகள் அதே மாதிரி செய்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா வேண்டாம் என்ற முன் சீட்டில் நான் உட்கார்ந்து, ஒரு கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு இடத்தில் நெற்றி கண்ணாடிச் சட்டத்தில் மோதியது. மேலே போய் இறங்கியதும் ஒரு தேயிலைச் செடி ஓரமாகக் குனிந்து முந்தின ராத்திரி சாப்பிட்ட பரோட்டா வரைக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிவிட்டு, "நெஞ்ச விறைப்பா வச்சுக்கிட்டு வந்தா அப்பிடித்தான்" என்றார். ஆக, உங்கள் கேள்வியில் யாரைக் கூட்டிப் போகலாமா என்று கேட்க வேண்டுமோ அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சூரிய உதயத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, ஆயிரம் பேர் வீடியோ போட்டிருக்கிறார்கள். மேகம் கீழே பஞ்சு மாதிரி கிடக்கும், எதிரே மீசப்புலிமலை நிற்கும். 7,900 அடிக்கு மேல், உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பழைய டீ ஃபேக்டரியும் இருக்கிறது, டீத்தூள் வாங்கலாம். அங்கே ஒரு பாறை நுனியில் போட்டோ எடுக்க வரிசை நிற்கும், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

அம்மா அங்கே தேடியது போடியை. "நம்ம ஊரு எங்கிட்டு இருக்கு?" என்று மேகத்துக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்சம் வெயில் ஏறி மேகம் விலகியபோது டிரைவர் அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். கீழே தெரிந்த சரிவு குரங்கணிப் பக்கம். 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டு இறந்தது அந்தச் சரிவில்தான். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள். அதனால் 'அப்படியே நடந்து குரங்கணி இறங்கிவிடலாம், குறுக்கு வழி' என்று யார் ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள். ஜீப்பில் போனால் ஜீப்பிலேயே திரும்புங்கள்.

இறங்கும்போது நடுவழியில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டு, அரை மணி நேரம் நின்றோம். பின்னால் வந்த ஜீப்பிலிருந்து சில பையன்கள், எங்கள் வயதுதான், "செம த்ரில்லு ப்ரோ, உயிர் போய் வந்துச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ செய்தது.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் ஜீப் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டியது, எட்டாகியும் காணோம். அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் போன் கிடையாது. போடிமெட்டு ரோட்டில் ஜீப் உருண்டுவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். எந்த ஜீப் என்று சொல்லத் தெரியவில்லை. தெருமுனையில் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அழுதவர்களும் உண்டு, தூங்கிப்போனவர்களும் உண்டு. பத்து மணிக்கு மேல் அம்மாவும் இன்னும் சிலரும் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். உருண்டது வேறு ஜீப். இவர்கள் வண்டிக்குப் பிரேக் பிடிக்காமல் போய், டிரைவர் மலைப்பக்கம் சாத்தி நிறுத்தியிருக்கிறார். அம்மாவின் தூக்குச்சட்டி ஒரு பக்கம் அமுங்கிப்போய் இருந்தது, மூடி மாட்டவில்லை. மறுநாள் அந்தச் சட்டியிலேயே சோறு கட்டி, மூடிக்குப் பதில் ஒரு வாழையிலையும் ரப்பர் பேண்டும் போட்டுக்கொண்டு அம்மா வேலைக்குப் போனார். அந்தச் சட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது, அரிசி அளக்கிறார்.

அனுதாபம் தேடுகிறான் என்று சிலர் நினைக்கலாம். ஓட்டுநர்களைக் குற்றம் சொல்கிறேன் என்றும் நினைக்கலாம். இரண்டும் இல்லை. அந்த டிரைவர் மட்டும் மலைப்பக்கம் சாத்தாமல் இருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அடுத்த வண்டி கிடைக்காது, கூலி போய்விடும் என்று நெருக்கியடித்து ஏறுவது பெண்களேதான். எனக்கு உறுத்துவது ஒன்று மட்டும். மலையைப் பார்க்க வந்த எங்களுக்கு ஆறு பேர் என்று கணக்கு இருக்கிறது. மலையில் வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொரு விபத்துக்கும் அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் நிறுத்தி எண்ணுவார்கள். பிறகு பழையபடிதான்.

இதில் ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன மதுரை–போடி ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூனில். 90 கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பன்னிரண்டு வருடம். எங்கள் மலையில் நீலக்குறிஞ்சி பூக்கவும் அதே பன்னிரண்டு வருடம்தான். குறிஞ்சியைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ரயில் எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது சென்னையிலிருந்தே நேர் ரயில் இருக்கிறது, அதில் வந்து போடிமெட்டு வழியாக ஏறினால் மூணாறுக்கும் போகலாம். ஆனையிறங்கல் அணையும் வழியிலேயே வரும். அரிக்கொம்பன் சுற்றித் திரிந்த ஊர்ப்பக்கம் அது. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் அந்த யானைக்கு அப்படிப் பேர். அதை 2023-இல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆனாலும் மற்ற யானைகள் இருக்கின்றன, இருட்டில் அங்கே வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள்.

காசுக்குத் தகுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. சூரியநெல்லியில் இறங்கி நான் 2,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு பேருக்கு இம்புட்டா?" என்றார். பிறகு டிரைவரிடம், "டீசல் போக உனக்கு என்னப்பா நிக்கும்?" என்று கேட்டார். அவர் ஏதோ ஒரு தொகை சொன்னார். அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "அப்பச் சரிதான்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் பதில்.

அம்மாவுக்குக் காதை மூட மஃப்ளர், கனமான ஸ்வெட்டர், உட்காரும் இடத்தில் போட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி பரோட்டா வேண்டாம். டிரைவர் நம்பர் கேட்டு யாரும் எழுத வேண்டாம், தர மாட்டேன். சூரியநெல்லியில் போய் இறங்கினால் ஜீப்புகள் வரிசையாக நிற்கும், விடிகாலைப் பயணம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பேசி வைத்துவிடுங்கள்.